பூசாத சுவர்

சுவரில் எறும்பு ஏறுவதை முதலில் பார்த்தவள் மங்களம்தான். பார்த்ததோடு நிற்காமல் புருஷனிடம் சொன்னாள். புருஷன் வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் சொன்னான். அந்த வாரம் நடந்ததை நினைக்கிறபோதெல்லாம் அவள் அந்த எறும்பு வரிசையிலிருந்துதான் நினைக்கத் தொடங்குவாள்.

1979-ஆம் வருஷம். ஈப்போவில் அரசாங்க மண்டபம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று மாடி உயரம். பூச்சு கிடையாது, சாயம் கிடையாது. பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றி, பலகையைக் கழற்றினால் என்ன தெரிகிறதோ அதுதான் சுவர். பலகையின் ரேகைகூட அப்படியே தெரிய வேண்டும் என்று வரைபடம் போட்டவர் சொல்லிவிட்டாராம்.

“சட்டை போடாத செவரு லா இது,” என்பான் சன்னாசி. “சட்டை போடாதவனுக்குத்தான் மேலு சுத்தமா இருக்கணும்.”

மேல் சுத்தமாக இருப்பது எளிதில்லை. காற்று அடைபட்ட இடத்தில் பட்டாணி அளவில் குழி விழுந்திருக்கும். கலவை சரியாக இறங்காத இடத்தில் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பலகை இடுக்கில் சிமெண்டுச் சாறு ஒழுகிப்போன இடத்தில் வெறும் மணல் கோடு கிழித்திருக்கும். இதையெல்லாம் அடைத்தது தெரியாமல் அடைப்பதுதான் மங்களத்துக்கும் அவள் வீட்டு ஆண்கள் இருவருக்கும் வேலை.

மூவரும் லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, ஈயம் தோண்டிய பழைய லம்பத்துக்குப் பக்கத்தில் பலகை வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு, கட்டட வேலைக்கு ஈப்போ வந்தார்கள். அப்பாவு மங்களத்தின் புருஷன். சன்னாசி அவனுடைய தம்பி, ஆறு வயது இளையவன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் சன்னாசிதான் சிரிப்புக்கு ஆள்.

சன்னாசிக்குச் சிவப்பு அடையாள அட்டை. அப்பாவு சண்டைக்கு முன்னால் பிறந்தவன். தோட்டத்துக் கிராணி பிறப்பைப் பதிந்து வைத்திருந்தார். சன்னாசி ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவன். அப்போது கிராணியும் இல்லை, பதிகிற புத்தகமும் இல்லை. அதனால் ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் அண்ணனுக்கு நீல அட்டை, தம்பிக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரன் வேலை செய்ய வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு வேலை கொடுப்பவனின் கடிதம் வேண்டும். அது இல்லாதவனை எந்தச் சோதனையில் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு போகலாம். கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்றும் பேச்சு இருந்தது. இந்தச் சிவப்பு அட்டைக்காகவே அவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் இரண்டு முறை காப்பியைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள்.

சுவர் வேலையில் அப்பாவு சாரத்தில் ஏறி மேல் பகுதியைப் பார்ப்பான். சன்னாசி தரையிலிருந்து கை எட்டுகிற மட்டும். கலவை குழைப்பது மங்களம். வெறும் சாம்பல் சிமெண்டால் அடைத்தால் காய்ந்த பிறகு அந்த இடம் கறுத்துத் தெரியும். வெள்ளை சிமெண்டு கூடினால் வெண்குஷ்டம் மாதிரி வெளுத்து நிற்கும். பின்பக்கச் சுவரில் பதினேழு இடத்தில் அடைத்துப் பார்த்து, மூன்று வாரம் காயவிட்டு, பதினோராவது ஒட்டு சுவரோடு சுவராகப் போனதைக் கண்டுபிடித்தவள் அவள். மூன்று சாம்பலுக்கு ஒன்று வெள்ளை. லம்பத்து மணலைத் துணியில் சலித்து இரண்டரை.

அளப்பதெல்லாம் பால் டின்னில். தோட்டத்தில் அரிசி அளந்த பழக்கம். சிமெண்டுக்கு ஒரு டின், மணலுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. தண்ணீர் டின் வாரத்துக்குள் துருப்பிடித்துவிடும். துரு இறங்கினால் ஒட்டு மஞ்சளாகும் என்று திங்கட்கிழமைதோறும் அதை மாற்றிவிடுவாள். முதலில் வீட்டில் சேர்த்து வைத்திருந்த டின்களைக் கொண்டுவந்தாள். அவை தீர்ந்த பிறகு வேலியோரம் தேத்தண்ணிக் கடை போட்டிருந்த பெட்ரீசியா ஒன்றை எடுத்து வைத்திருப்பாள்.

“வாரத்துக்கு ஒரு டின்னு மாத்துற,” என்பாள் பெட்ரீசியா. “புருசன மட்டும் எப்படி மாத்தாம வச்சிருக்க?”

“அது துருப்பிடிச்சாலும் தண்ணி ஒழுகாதுக்கா.”

குழியை நனைத்து, கலவையை விரலால் அழுத்தி, ரப்பர் துண்டால் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே மெல்லிய கம்பியால் பலகை ரேகையை இழுத்துவிட வேண்டும். பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி மூன்று நாள் விட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை கீழ்வரிசைச் சாக்கை விலக்கியபோதுதான் மங்களம் எறும்பைப் பார்த்தாள். சின்னச் சிவப்பு எறும்பு. தரையிலிருந்து ஒரு நூல் பிடித்த மாதிரி ஏறி, ஒட்டில் போய் மொய்த்துக்கொண்டிருந்தது.

“இந்தாங்க, வந்து பாருங்க. எறும்பு ஏறுது.”

அப்பாவு சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். “எறும்பு ஏறாத செவரு எங்க இருக்கு?”

“ஒட்டுல மட்டுந்தான் ஏறுது. பக்கத்துல ஒண்ணு இல்ல.”

அவன் இறங்கி வந்து ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். நகம் உள்ளே போனது. மூன்றாம் நாள் ஒட்டில் நகம்தான் உடைய வேண்டும். மூவரும் சுவரோரம் நடந்து போய்ப் பழைய ஒட்டுகளையெல்லாம் ஆணியால் கீறிப் பார்த்தார்கள். மேலே அப்பாவு அடைத்தது ஒன்றும் அசையவில்லை. கீழே, போன மூன்று வாரத்தில் அடைத்ததில் பதினாலு இடம் மாவாக உதிர்ந்தது. பதினாலும் சன்னாசி கை வைத்தவை.

“டேய், என்னடா செஞ்ச?” என்றான் அப்பாவு.

“நான் என்ன செய்வேன்? அண்ணி கொழைச்சுக் குடுத்தத அப்புனேன்.”

“அதே கலவைதான எனக்கும் வருது. என்னோடது கல்லு மாதிரி நிக்குதே.”

“அப்பன்னா என் கையில வெசம் இருக்கா?” என்று சிரித்தான் சன்னாசி. மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் பெட்ரீசியா கடைப் பலகையில் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டார்கள். நெத்திலி சம்பலும் கங்கோங் கீரையும். சுண்ணாம்பு மலைப் பக்கம் மேகம் திரண்டு மழைக்குக் கூட்டிக்கொண்டிருந்தது. மங்களம் சோற்றைப் பிசைந்துகொண்டே கொழுந்தனைக் கவனித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆம்புரோஸ் என்ற ஆள் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்திருந்தான். சித்தியவான் பக்கம் பெரிய கட்டடம் ஒன்று எழும்புகிறது, அங்கேயும் இதே பூசாத சுவர்தான், ஆள் தேடுகிறேன் என்று சொன்னான். உள்ளே வராமல் வேலிக்கு வெளியிலேயே நின்று சன்னாசியோடு ஒரு மணி நேரம் பேசினான். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, “சும்மா லா அண்ணி,” என்றான் சன்னாசி.

சும்மாவுக்கு ஒரு மணி நேரமா? இங்கே வேலை கெட்டால் மண்டோர் லியோங் விரட்டுவார். அவராக விரட்டினால் சன்னாசி அண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமலே பிரிந்து போகலாம். இப்படி ஒரு நினைப்பு மங்களத்துக்கு வந்தது. வந்ததை அவள் விரட்டவில்லை. அன்று முழுக்க அவன் குனிந்தால் எதற்குக் குனிகிறான் என்று பார்த்தாள். சுவருக்குப் பின்னால் போனால் எவ்வளவு நேரம் கழித்து வருகிறான் என்று பார்த்தாள். அவன் வழக்கம்போல ஏதோ ஒரு பாட்டை மூக்கால் பாடிக்கொண்டிருந்தான். அதுகூடத் தப்பு செய்தவன் பாட்டாகக் கேட்டது.

மறுநாள் காலையில் லியோங் வந்தார். அவர் அந்தக் கட்டடத்துக்கு மண்டோர். லகாட் லம்பத்தில் தமிழர்களோடு வேலை செய்து தமிழ் பழகியவர். சாவியால் ஒட்டைச் சுரண்டி, தூளை எடுத்து மோந்தார். நுனி நாக்கில் தொட்டுத் துப்பினார்.

“அப்பு, இது செமென் கெட்டுப்போனது இல்ல லா. குலா. சீனி. எறும்பு வந்துச்சு இல்ல? சீனி போட்டா செமென் தூங்கிடும். எந்திரிக்காது.”

“சீனியா?” என்றான் அப்பாவு. “சீனி எப்படி மண்டோர் செவத்துக்கு வரும்?”

“அதான் நானும் கேக்குறேன். யாரு இங்க சீனி வச்சிருக்கான்?”

மங்களத்தின் கண் தானாகச் சாரக் கம்பில் தொங்கிய சட்டைக்குப் போனது. சன்னாசிக்கு ஒரு பழக்கம் உண்டு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற நேரத்தில் தோட்டத்துக் கிழவர்கள் குடிப்பது போல, வெறும் காப்பியை வாங்கி, சீனியைத் தனியாக வாயில் போட்டுக்கொண்டு குடிப்பான். அதற்காகக் காகிதத்தில் மடித்து எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான்.

அவள் கண் போன இடத்தை லியோங் பார்த்துவிட்டார். “நீ சொல்லு.”

“தம்பி வச்சிருக்காரு. கோப்பிக்கு.”

“வேற யாரு?”

“வேற யாரும் இல்ல.”

லியோங் சட்டைப் பையில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பாதிச் சீனி இருந்தது. சன்னாசி அதைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தான்.

“கோப்பிக்குன்னு சொன்னீங்க, சரி. செவத்துக்கு இல்லேன்னும் சொல்லுங்களேன் அண்ணி.”

மங்களம் கலவைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டது சின்ன விஷயம். ஒரு வார்த்தை. அவளுக்கு அது வாயில் வரவில்லை. வராததற்குக் காரணம் அவள் அப்போது அதை நம்பவில்லை என்பதுதான்.

“நீ போ,” என்றார் லியோங். “இன்னிக்கே போ. மாசக் கடைசியில உன் பெர்மிட்டு முடியுது. நான் கடுதாசி குடுக்க மாட்டேன். செவத்த கெடுக்குற ஆளுக்கு என்ன கடுதாசி?”

“அண்ணே,” என்றான் சன்னாசி.

அப்பாவு சாரத்தில் பாதி ஏறியிருந்தான். இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. “மண்டோர் சொல்றாரு இல்ல? இப்ப போ. வீட்டுல பேசலாம்,” என்றான்.

வீட்டில் பேசியது நல்ல பேச்சாக இல்லை. சாயங்கால மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. மங்களம் சாடின் மீன் டின் ஒன்றை உடைத்து வெங்காயம் போட்டு வதக்கினாள். யாரும் தட்டுக்கு வரவில்லை.

“ஆம்புரோஸ் என்னடா சொன்னான்?” என்றான் அப்பாவு.

“வேலைக்கு வரச் சொன்னான்.”

“அதுக்குத்தான் இங்க கெடுத்தியா?”

“அவன் என்னக் கேக்கலண்ணே. அண்ணியக் கேட்டான். கலரு சேர்க்கத் தெரிஞ்ச ஆளு அவங்கதானே? அண்ணிய விட்டுட்டு நம்ம ரெண்டு பேரு எதுக்கு அவனுக்கு? மூணு பேரும் வந்தா வாரோம், இல்லன்னா இல்லேன்னு சொன்னேன்.”

“அப்ப அத ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“சொன்னா போலாம்னு நிப்பீங்க. என் பெர்மிட்டு லியோங் கையில இருக்கு. அவரு கடுதாசி குடுக்காம நான் எங்க போவேன்? அதான் மூடிட்டு இருந்தேன்.”

நல்ல பதில்தான். ஆனால் இவ்வளவு நல்ல பதிலை எப்போது யோசித்து வைத்தான் என்றுதான் மங்களத்துக்குத் தோன்றியது. அப்பாவுவுக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். அவன் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கடுதாசி குடுக்க வேண்டிய ஆளுக்கு முன்னால நானே ஏன் வேலையக் கெடுக்கணும்?” என்றான் சன்னாசி. “என் கழுத்துக்கு நானே கயிறு திரிப்பேனா? கொஞ்சம் யோசிங்கண்ணே.”

“எனக்கு என்ன தெரியும்?” என்றான் அப்பாவு திரும்பாமலே. “உன் ஒட்டுதான் உதிருது.”

வெள்ளிக்கிழமை காலையில் சன்னாசி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். சித்தியவானில் மீன் காயப்போடுகிற இடத்தில் பெர்மிட் கேட்பதில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாசக் கடைசிவரைக்கும் பெர்மிட் செல்லும். அதற்குப் பிறகு ஒளிந்து பிழைக்க வேண்டியதுதான். போகும்போது அவன் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “மழைத்தண்ணி உள்ள வருது, பின்பக்கத் தகரத்துல ரெண்டு ஆணி அடிக்கச் சொல்லுங்க அண்ணி,” என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை மங்களம் பெட்ரீசியாவிடம் புது டின் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். உதிர்ந்த பதினாலு இடத்தையும் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப அடைக்க வேண்டும். கீழ்வரிசைக்கு ஆள் இல்லாததால் அப்பாவு சாரத்தை விட்டுவிட்டு அதையே முதலில் செய்தான். முதல் தட்டுக் கலவையில் ஐந்து இடம் அடைத்தான். இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான்.

புதன்கிழமை சாக்கை விலக்கியபோது அந்த ஐந்து இடத்திலும் எறும்பு.

மங்களம் யாரையும் கூப்பிடவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே போனது. சாரத்தின் மேல் அப்பாவு முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு கணம் அவனையும் சந்தேகப்பட்டாள். இவனும் தம்பியும் சேர்ந்து ஆடுகிற ஆட்டமா இது? பிறகு குனிந்து எறும்பு வருகிற வழியைப் பார்த்தாள். தரையில் இரண்டு வரிசை இருந்தது. ஒன்று சுவருக்குப் போனது. இன்னொன்று கலவைப் பலகைக்கு அடியில் சாய்த்து வைத்திருந்த தண்ணீர் டின்னுக்குப் போய், விளிம்பு மடிப்பில் நுழைந்துகொண்டிருந்தது.

டின்னை எடுத்து, மடிப்பில் விரலை விட்டு நக்கினாள். இனித்தது. சீனி போட்ட கெட்டிப் பால்.

அவள் தட்டை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

“அக்கா, டின்ன கழுவித்தான குடுக்குற?”

“கழுவுறதா?” என்றாள் பெட்ரீசியா. “செமெண்ட் அளக்குற டின்ன நான் எதுக்குக் கழுவணும்? அடியில கொஞ்சம் பால விட்டுத்தான் வைப்பேன். நீ சுடுதண்ணி ஊத்திக் கலக்கிக் குடிச்சுக்குவேன்னு. ஏன், குடிக்கிறதில்லையா நீ?”

குடிப்பதில்லை. அடியில் ஏதோ ஒட்டியிருப்பதை மங்களம் பார்த்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றுகிற டின்தானே, தண்ணீரே கழுவிக்கொண்டு போகும் என்று விட்டிருக்கிறாள். வீட்டு டின்களை அரிசி அளக்கவென்று சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தவளும் அவள்தான். அவை தீர்ந்து பெட்ரீசியாவின் டின் வந்த பிறகுதான் ஒட்டு உதிரத் தொடங்கியது. திங்கட்கிழமை முதல் தட்டுத் தண்ணீரோடு பாலெல்லாம் கலவைக்குள் போய்விடும். இரண்டாவது தட்டுக்கு டின் சுத்தமாகிவிடும். முதல் தட்டு எப்போதும் சன்னாசிக்கு. அப்பாவு சாரம் கட்டி ஏறுவதற்குள் அவன் தொடங்கிவிடுவான்.

சுவருக்குச் சீனி வைத்தது அவள் கை.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்காமல் அப்பாவுவிடம் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு டின்னை வாங்கிப் பார்த்தான். பிறகு வேலிக்கு அப்பால் வீசினான்.

“யாருகிட்டயும் சொல்லாத. நாளையிலருந்து கழுவிட்டு அள. முடிஞ்சு போச்சு.”

“தம்பிக்கு முப்பதாந்தேதி.”

“நமக்குத் தெனமும் முப்பதாந்தேதிதான். லியோங் கிட்ட போய் என்னன்னு சொல்லுவ? ‘நான்தான் பால ஊத்துனேன் மண்டோர்’னா? மூணு பேரும் ஒண்ணாச் சேந்த கூட்டுன்னு சொல்லுவாரு. ரெண்டு பேரும் வெளிய போகணும். அப்பறம் அவனுக்கு யாரு சோறு போடுறது?”

“அவரு சோறு கேக்கலீங்க. கடுதாசி கேட்டாரு.”

“மங்களம், நான் சொல்றத கேளு. அவன் எங்கயாவது பொழைச்சுக்குவான்.”

“பொழைச்சுக்குவாருன்னா ஏன் அவரு போன நாள்லருந்து நீங்க சரியாச் சாப்புடல?”

அப்பாவு எழுந்து போய்ச் சாரத்தில் ஏறிக்கொண்டான். மேலே ஏறிவிட்டால் கீழே நடப்பது தன்னுடையதில்லை என்று இருந்துவிடுவது அவன் சுபாவம். சன்னாசியை விரட்டிய அன்றும் அவன் நின்றது அங்கேதான் என்பது அவளுக்கு இப்போது நினைவு வந்தது.

அவள் லியோங்கின் தகரக் கொட்டகைக்குப் போனாள். அவர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டு அவர் நம்பவில்லை.

“உன் புருசன் சொல்லச் சொன்னானா?”

“இல்ல. அவரு வேணாம்னாரு.”

“அப்ப அந்தத் தம்பி ஆளு அனுப்பிச்சானா? பெர்மிட்டுக்கு அழுவுறானா?”

“யாரும் அனுப்பல மண்டோர். பெட்ரீசியாக்கா கடையிலருந்து ரெண்டு டின்னு கொண்டாந்திருக்கேன். ஒண்ணு கழுவுனது, ஒண்ணு கழுவாதது. பின்பக்கச் செவத்துல நீங்களே தண்ணி ஊத்துங்க, நீங்களே அப்புங்க. நான் தொடல.”

லியோங் சுருட்டை அணைத்துவிட்டு எழுந்தார். அவரே குழைத்தார், அவரே அப்பினார். அவர் அப்பிய அழகைப் பார்த்திருந்தால் சன்னாசி விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இரண்டு ஒட்டுக்கும் மேல் சாக்கைக் கட்டி, முடிச்சில் தன் பேனாவால் சீனத்தில் எதையோ எழுதினார், யாரும் அவிழ்த்தால் தெரியட்டும் என்று.

இரண்டு நாள் கழித்து அவிழ்த்தார். ஒன்று கல்லாக இருந்தது. இன்னொன்றில் அவர் சாவி பாதி வரைக்கும் போனது.

அவர் நெடுநேரம் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மேல இருக்குறவங்கிட்ட நான் என்ன சொல்றது? பால் டின்னுன்னு சொன்னா சிரிப்பான்,” என்றார். பிறகு, “எல்லாத்தையும் திருப்பி அடை. சத்தம் காட்டாம அடை. தம்பிய வரச் சொல்லு. அவன் நேர்ல வந்தாத்தான் கடுதாசி,” என்றார். அவளை விரட்டவில்லை. பதினோராவது ஒட்டின் கணக்கு தெரிந்த ஆள் அவருக்கு வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மங்களம் தனியாகச் சித்தியவான் பஸ் ஏறினாள். அப்பாவு வரவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் வந்து, ஆரஞ்சுப் பழம் நாலு வாங்கிப் பையில் போட்டுவிட்டு நின்றான்.

மீன் களத்தில் நாற்றம் முகத்தில் அடித்தது. சன்னாசி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெத்திலியைப் பாயில் கிளறிக்கொண்டிருந்தான். பத்து நாளில் தோள் கறுத்திருந்தது. அண்ணியைக் கண்டதும் முதலில் அவளுக்குப் பின்னால்தான் பார்த்தான், வேறு யாரும் வருகிறார்களா என்று.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. பால் டின், முதல் தட்டு, பெட்ரீசியா, லியோங்கின் சாவி. அவன் கேட்டுக்கொண்டே நெத்திலியைக் கிளறினான்.

“லியோங் வரச் சொன்னாரா? வந்தா புடிச்சுக் குடுக்கவா?”

“இல்ல தம்பி. கடுதாசிக்கு.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அண்ணன் ஏன் வரல?”

மங்களம் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து நீட்டினாள். “இத வாங்கிக் குடுத்தாரு.”

“அத கேக்கல அண்ணி. டின்னுன்னு தெரிஞ்சதும் அண்ணன் என்ன சொன்னாரு?”

பஸ்ஸில் வரும்போதே இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் செய்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியவில்லை. “சொல்லாதன்னு சொன்னாரு,” என்றாள்.

சன்னாசி தலையை ஆட்டினான். பாயின் அந்தப் பக்கம் போய் அங்கேயும் கிளறினான். பிறகு, “பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று கேட்டான்.

முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பெர்மிட் கிடைத்தது. சன்னாசி வீட்டுக்கும் வந்தான், சுவருக்கும் வந்தான். அண்ணனோடு சாப்பிட்டான், பின்பக்கத் தகரத்துக்கு ஆணி அடித்தான். பாட்டு மட்டும் இல்லை. மற்றபடி ஒன்றும் நடக்காதது போலவே இருந்தான். மங்களமும் அப்படியே நினைத்துக்கொண்டு முதல் தட்டுக் கலவையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவளிடம் காட்டினான். புறங்கையைத் திருப்பிக் காட்டினான்.

“என்ன தம்பி இது?”

“பாத்துக்கிடுங்க அண்ணி. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.”

“உங்கள யாரு சந்தேகப்பட்டா இப்போ?”

“யாரும் இல்ல. பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் ஆரம்பிக்கிறேன்.”

அவள் திட்டிப் பார்த்தாள். கும்பிட்டுப் பார்த்தாள். ஒரு நாள் அழுதும் பார்த்தாள். அவன் கோபப்படவில்லை, கையை விரித்தபடி நின்றான். கலவை இறுகத் தொடங்கும். வேறு வழியில்லாமல் “பாத்துட்டேன்” என்பாள். உடனே குனிந்து வேலையைத் தொடங்குவான். ஒவ்வொரு தட்டுக்கும் இப்படி. அப்பாவு சாரத்தின் மேலிருந்து அதைப் பார்ப்பான். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த மண்டபச் சுவர் முடிய இன்னும் ஏழு மாதம் ஆனது. பிறகு தஞ்சோங் மாலிமில் ஒரு பள்ளிக்கூடம், ஈப்போவில் ஒரு வங்கி. எங்கே போனாலும் முதலில் கை, பிறகு அந்த வார்த்தை. கடைசியில் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “பாத்துட்டேன்” என்று சொல்லப் பழகிவிட்டாள்.

1986-இல் அப்பாவு இறந்தான். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலோடு சரி. லம்பத்து வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டார்கள். தோட்டம் விற்றபோது சிதறிப் போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். பெட்ரீசியா காலையிலிருந்து கறுப்புக் காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. பிள்ளை இல்லாததால் தம்பியை முதலில் கூப்பிட்டார்கள். சன்னாசி குளித்த ஈரத்தோடு வந்து, தட்டில் இருந்த அரிசிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அரிசியில் கை வைக்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மங்களத்தின் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். புறங்கையையும் திருப்பினான்.

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “போடுப்பா, நேரமாவுது,” என்றார் பண்டாரம். அவன் கேட்காதவன் போலக் கையை நீட்டியபடியே இருந்தான். விரல் இடுக்குகளில் சிமெண்டு தின்ற வெள்ளைக் காய்ப்பு. நடு உள்ளங்கையில் பால் வெட்டிய காலத்துத் தழும்பு. ஏழு வருஷமாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி வந்த கைகளை மங்களம் அப்போதுதான் பார்த்தாள்.

இரண்டு கைகளையும் ஒவ்வொரு விரலாகப் பார்த்து முடித்தாள். அதுவரை அவன் காத்திருந்தான்.

“பாத்துட்டேன் தம்பி,” என்றாள்.

அவன் அரிசியை அள்ளி, அண்ணன் வாயருகே குனிந்தான்.